ஆட்டத்தை நிறுத்திய சீழ்க்கை

போன வாரம் நடுவர் பயிற்சியில் இருக்கும் உங்களில் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கல்லூரிக் கால்பந்தில் கொண்டுவரலாமா என்று போட்டிக் குழு கேட்டிருக்கும் புது விதிகளைக் கையோடு கொண்டுவந்திருந்தீர்கள். கோலி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றால் எதிரணிக்குக் கார்னர். நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். தலையில் அடிபட்டால் கூடுதலாக ஒரு மாற்று ஆள். இப்படி ஒரு பக்கம் நிறைய இருந்தது. "எது வேணும், எது வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க மேடம், நாங்க அப்படியே எழுதிக் குடுத்துடறோம்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன், பதில் சொல்லவில்லை. மைதானத்தில் இறங்கி ஊதப்போகிறவர்கள் நீங்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள் சொல்வதை எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. விதிகளைப் பற்றி என்னிடம் கருத்து ஒன்றும் இல்லை, ஒரு கதைதான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். பிறகு உங்கள் கருத்தை நீங்களே எழுதுங்கள்.

அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்துகொண்டே நான் பல வருஷம் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களில் நடுவராக ஊதியவள் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்கள் ஆட்டம் என்றால் பெரும்பாலும் என்னைத்தான் அழைப்பார்கள். கொல்லிமலையில் ஆட்டம் என்றால் மற்ற நடுவர்கள் நைசாக நழுவிவிடுவார்கள், அதனால் அதுவும் என் தலையில்தான் விழும். வளைவு வளைவாக ஏறுகிற பஸ்ஸில் குடல் வெளியே வந்துவிடும் என்பது ஒரு காரணம். மூடுபனி இன்னொரு காரணம். சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கிப் பலாப்பழ வாசனையோடு நடந்தால் கொஞ்ச தூரத்தில் மைதானம். மூன்று பக்கம் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடியும். நாலாவது பக்கம் சரிவு. அந்தச் சரிவிலிருந்துதான் பனி ஏறிவரும். நாம் டாஸ் போடும்போது பளிச்சென்று இருக்கும் மைதானம், பத்து நிமிஷத்தில் பாதி காணாமல் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வெயில் அடிக்கும்.

மலைக் கல்லூரிப் பெண்கள் இந்தப் பனியிலேயே ஆடி வளர்ந்தவர்கள். பனி மூடியதும் அவர்கள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பார்கள். 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே' என்பது அதன் அர்த்தம். பதிலுக்கு ஒன்று கேட்கும். அந்தத் திசையில் பந்து போகும். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது போல இருக்கும், ஆனால் பந்து போய்ச் சேர வேண்டிய காலுக்குப் போய்ச் சேரும். நானே வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

வம்பு அங்கேதான் வந்தது. நான் சொல்லப்போகும் கதைக்கு முந்தைய வருஷ ஆட்டம் ஒன்றில் அடிவாரத்துக் கல்லூரி ஒன்றின் பிள்ளைகள் அந்தச் சீழ்க்கையை நடுவர் ஊதியதாக நினைத்து அப்படியே நின்றுவிட்டார்கள். மலைப் பெண்கள் நிற்கவில்லை, கோல் போட்டார்கள். நடுவர் என்ன செய்வார், அவர் ஊதவில்லையே! கோல் கோல்தான். தோற்ற பிள்ளைகள் பஸ்ஸில் மலை இறங்கும் வரை அழுதார்களாம்.

அந்த அணியின் பயிற்சியாளர் போட்டிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு புது விதியை முன்மொழிந்தார். ஆடுகிறவர் யாராயிருந்தாலும் மைதானத்துக்குள் சீழ்க்கை அடித்தால் மஞ்சள் அட்டை, இரண்டாவது தடவை அடித்தால் சிவப்பு அட்டை. இந்த மனிதரை நீங்கள் வில்லனாக நினைத்துவிடக் கூடாது. தன் பிள்ளைகளுக்காக ஓடாய்த் தேய்பவர். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஒரு வருஷம் சோதனையாக வைத்துப் பார்க்கலாம், பிறகு நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று குழு சொன்னது. சோதனை ஆட்டங்களில் ஒன்று மலையில் நடந்த அரையிறுதி. ஒரு பக்கம் மலைக் கல்லூரி, மறுபக்கம் அதே பயிற்சியாளரின் அணி. நடுவர் அடியேன். ஆட்டத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் குழுவிலிருந்து ஒரு பார்வையாளரும் வந்திருந்தார்.

மலைக் கல்லூரியின் கேப்டன் கௌசல்யா. மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதிப் பெண். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். நடுக்களத்தில் ஆடுவாள். அவளைப் போல ஆட்டத்தைப் படிக்கிற பெண்ணை என் காலத்தில் நான் பார்த்ததில்லை, இதை வெட்கமில்லாமல் சொல்வேன். நடுவர் ஒருதலைப்பட்சமாக ஊதக் கூடாதே தவிர, ஒருதலையாக ரசிக்கலாம். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருஷம். இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாக இருந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் அவள் இறங்கி ஆடினால் போதும், எடுத்துவிடுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் ஆட வேண்டியது அந்த ஒரு ஆட்டம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுப் புது விதியைச் சொன்னேன். கௌசல்யா சிரித்தாள்.

"மூட்டம் வந்தா என்ன மேடம் பண்றது? கை தானா வாய்க்குப் போயிருமுங்களே."

"கையைக் கட்டுப்படுத்து கண்ணு. இரண்டு தடவை போனா நீயும் வெளியே போயிருவே."

முதல் பாதியிலேயே ஒருமுறை போய்விட்டது. லேசாகப் பனி ஏறியதும் பழக்கத்தில் அடித்துவிட்டாள். அடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான் போவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் அட்டை காட்டினேன். அதற்குப் பிறகு அவள் தன் ஜெர்சியின் ஓரத்தை வலது கையால் பிடித்துக்கொண்டே ஓடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. மலை அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்தை வைக்கும்போதே சரிவுப் பக்கத்திலிருந்து பனி மளமளவென்று ஏறிவந்தது. நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கோல்களும் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். தெரிந்தது. கார்னர் அடிக்க அனுமதித்தேன்.

பந்து வந்தது. அடிவாரத்து கோலி எகிறிக் குத்தினாள். அதற்குள் ஒரு பனிப்படலம் எனக்கும் கோலுக்கும் நடுவே திரைபோல இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குத்துப்பட்ட பந்து பெனால்டி கட்டத்தின் விளிம்பில் விழுந்ததும், மலை அணியின் சங்கீதா அதை நோக்கி ஓடியதும்தான். சங்கீதாவின் கால் எப்படிப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் அடித்தால் வலை பிய்ந்துவிடும் என்பார்கள். முன்னால் காலியான கோல். அடித்தால் இறுதி ஆட்டம்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். அந்த நொடியில் ஒரு சீழ்க்கை கேட்டது.

மைதானமே நின்றது. சங்கீதா இழுத்த காலை அப்படியே இறக்கிப் பந்தின் மேல் வைத்தாள். கூட்டம் கத்துவதை நிறுத்தியது. நான் கோலை நோக்கி ஓடினேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. பந்தைக் குத்திவிட்டுக் கீழே வந்த கோலி, கம்பத்தில் தலை மோதி, கோல் கோட்டின் மேல் விழுந்து கிடந்தாள். முகம் மைதானத்தைப் பார்த்து இருந்தது. சங்கீதா அடிக்கவிருந்த பந்து போகும் வழியில் அந்த முகம்தான் இருந்தது.

பயிற்சியாளர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கண் திறந்து, "கோல் போயிருச்சுங்களா சார்?" என்று கேட்டாள். அவருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கும்பிடறேனுங்க மேடம். நீங்க மட்டும் அந்த நேரத்துல ஊதலைன்னா என் புள்ளை என்ன ஆயிருக்கும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோரும் நான் ஊதியதாகத்தான் நினைக்கிறார்கள். என் ஊதல் என் கையில் இருந்தது, வாய்க்குப் போகவே இல்லை. ஆனால் பனியில் அதை யார் பார்த்தார்கள்? சும்மா இருந்தால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். கௌசல்யாவும் தப்பிப்பாள், இறுதி ஆட்டமும் ஆடுவாள். வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றிருப்பேனோ தெரியாது, ஏனென்றால் கௌசல்யா என்னை நிற்க விடவில்லை.

கோலி விழுந்த கம்பத்துப் பக்கத்திலிருந்து நேராக வந்தாள். பயிற்சியாளரைப் பார்த்து, "மேடம் ஊதலீங்க சார். நாந்தானுங்க விசில் அடிச்சேன்" என்றாள்.

சங்கீதா பாய்ந்து வந்தாள். "ஏண்டி, உனக்குப் பைத்தியமா? பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாமில்ல?"

"கத்தினா நீ என்ன நெனப்பே? அடிக்கச் சொல்றேன்னு நெனச்சு இன்னும் ஓங்கி அடிப்பே. இப்ப நம்மாளு யாரும் விசில் அடிக்கறதில்ல, அடிச்சாத்தானே மேடம்னு நெனச்சு நிப்பே."

ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியவள், இது இரண்டாவது என்று தெரிந்தே அடித்திருக்கிறாள். காலியான கோலில் தன் அணிக்கு வந்த கோலைத் தானே நிறுத்தியிருக்கிறாள். இப்போது யாரும் கேட்காமலே வந்து சொல்கிறாள். இருபது வயசுப் பெண்! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவர் அப்படிச் செய்யக் கூடாது.

விதியைக் கொண்டுவந்த பயிற்சியாளரே கெஞ்சினார். "விட்டுருங்க மேடம். இதுக்கெல்லாம் கார்டு காட்டுவாங்களா? நான் கேட்டது இதுக்கில்லீங்க."

பார்வையாளர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல் நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு மலையில் என்னைத் திட்டாதவர்கள் இல்லை. அது ஒரு சோதனை விதி. யார் அடித்தாலும், எதற்கு அடித்தாலும் அட்டை என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் இரக்கப்பட்டு அதை வளைத்திருந்தால், 'விதியால் ஒரு தொந்தரவும் இல்லை, ஆட்டம் நன்றாக நடந்தது' என்று அறிக்கை போயிருக்கும். விதி அப்படியே நிரந்தரமாகியிருக்கும். அடுத்த வருஷம் வேறொரு மைதானத்தில் வேறொரு பெண் விழுந்து கிடக்கும்போது, பக்கத்தில் நிற்பவள் அட்டைக்குப் பயந்து வாயில் வைத்த விரலை எடுத்துக்கொள்வாள். கோணலான விதியை மைதானத்தில் நாம் நிமிர்த்தி நிமிர்த்தி ஊதினால், அது கோணல் என்பது எழுதியவர்களுக்குத் தெரியவே தெரியாது. விதி என்ன விலை கேட்கிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். அந்த விலையை ஒரு நல்ல பெண் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கௌசல்யா கேப்டன் பட்டையைக் கழற்றி சங்கீதாவின் கையில் கட்டிவிட்டு, "டை-பிரேக்கர் வந்தா வலது மூலைக்கு அடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பத்துப் பேரோடு அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். டை-பிரேக்கரும் வந்தது. சங்கீதா வலது மூலைக்குத்தான் அடித்தாள். மலை அணி ஜெயித்தது.

இறுதி ஆட்டத்தில் சிவப்பு அட்டைக்காரி ஆட முடியாது. பல்கலைக்கழக ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குப் பக்கத்தில் கௌசல்யா தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கீதாவை எடுத்துக்கொண்டார்கள். கௌசல்யாதான் முதலில் ஓடிப்போய் அவளைத் தூக்கிச் சுற்றினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வருஷ முடிவில் விதியைப் பற்றி முடிவெடுக்கக் குழு கூடியது. நான் விடவில்லை. நடந்ததை நேரில் சொல்ல கௌசல்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தப் பெண் இரண்டு வார்த்தை பேசினால் போதும், விதி குப்பைக்குப் போய்விடும் என்று எனக்கு அத்தனை நிச்சயம். பயிற்சியாளரும் என் பக்கம்தான். விதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தலைவர் கேட்டார். "நீ சொல்லும்மா. இந்த விதியால ரொம்பப் பாதிக்கப்பட்டது நீதான். எடுத்துடலாமா?"

கௌசல்யா எழுந்து நின்றாள். "எடுக்காதீங்க சார். விதி வேணுமுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எங்க ஊர்ல விசிலைச் சும்மா அடிக்க மாட்டாங்க. மூட்டத்துல ஆடு மேய்க்கப் போன ஆளைக் காணோம், மொளகு பறிக்க ஏறினவங்க விழுந்துட்டாங்கன்னாத்தான் அடிப்பாங்க. கேட்டவங்க கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு அப்படியே நிப்பாங்க. நிக்காத ஆளே கெடையாது. அதை நாங்க பந்தாட்டத்துக்குக் கொண்டு வந்தோம். மொதல்ல வழி தெரியத்தான் அடிச்சோம். அப்புறம் எதிராளுங்க நிக்கறதைப் பார்த்துட்டு, நிக்க வைக்கறதுக்குன்னே அடிச்சோம். போன வருஷம் அந்த கோல் அப்படிப் போட்டதுதானுங்க."

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்படியே அடிச்சுட்டிருந்தா விசில்னா ஏமாத்துன்னு ஆயிரும். அப்புறம் நெசமாவே ஒருத்தர் விழுந்து கெடக்கறப்ப அடிச்சா, யாரும் நிக்க மாட்டாங்க. அன்னிக்கு சங்கீதா நிக்காமப் போயிருந்தா?" தலைவர் பக்கம் திரும்பினாள். "ஆளு விழுந்தா மட்டும் அடிக்கலாம்னு ஒரு வரி சேத்துக்குங்க சார். மத்ததுக்கெல்லாம் கார்டு குடுங்க. எங்களுக்கும்தான்."

விதியை ஒழிக்கத்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அதைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் ஊதியும் அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை, அந்தக் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. தனக்குக் கெடுதல் செய்த விதியைக் கோபமில்லாமல் பார்க்கத் தெரிந்தவளுக்குத்தான் அது தோன்றியது. இன்றைக்கு நீங்கள் படிக்கிற விதிப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. யார் எழுதியது என்று போட்டிருக்காது.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் அவளிடம் கேட்டேன், "உனக்கு வருத்தமே இல்லையா கண்ணு?"

"இல்லாம என்னங்க மேடம்? ஊட்டுக்குப் போயி நல்லா அழுதேன்" என்றாள். பிறகு மலை பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் பல்கலைக்கழக அணிக்கு ஆடவே இல்லை. நடுவர் தேர்வு எழுதினாள். இப்போது பள்ளியில் வேலை, லீவு நாளில் மலையில் ஆட்டம் என்றால் ஊதுகிறாள். மற்ற நடுவர்கள் இன்னும் நழுவுகிறார்கள் போலிருக்கிறது.

இந்தப் பருவத்தில் ஒருநாள் ஆட்டம் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். வேடிக்கை பார்ப்பவளாகப் போனேன், ஊதலெல்லாம் பீரோவில். கௌசல்யா நடுவர். இரண்டு அணியும் அடிவாரத்துக் கல்லூரிகள், மலையைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகள். வழக்கம்போலப் பனி ஏறியது. தூரத்தில் ஒரு பெண் காலை மடக்கிக்கொண்டு விழுந்தது எனக்கு மங்கலாகத் தெரிந்தது, பந்து அவள் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உடனே ஒரு சீழ்க்கை. மற்ற இருபத்தொரு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பனி கொஞ்சம் விலகியதும் நடுவரைப் பார்த்தேன். ஊதல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் இன்னும் வாயில் இருந்தது.